ரெண்டு மணி நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள்?

மார்ச் 3, செவ்வாய்

வானொலியில் அடுத்த மாதம் புது அட்டவணையாம். ஏழு வருஷமாக நான் நடத்தும் 'மதிய முற்றம்' அதில் இருக்குமா என்று தெரியாது. இரண்டிலிருந்து மூன்று வரை நேயர்கள் போனில் பேசுவார்கள். நடுவில் பத்து நிமிஷம் நான் எழுதிய சிந்தனையை வாசிப்பேன். இயக்குநர் சொன்னார்: "கேக்கறவங்க இருக்காங்கன்னு காட்டுங்கம்மா. மனசுல படறது வேணாம். முறையா ஆய்வு பண்ணி, இருபத்துமூணாம் தேதிக்குள்ள கொண்டாங்க."

என் நிகழ்ச்சியை நானே ஆய்வு செய்வதா? வேறு ஆள் இல்லையாம். ஆய்வுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்!

மார்ச் 4

தங்கை ஊடகவியல் படிக்கிறாள். அவள் பாடப்புத்தகத்தை வாங்கி இரண்டு அத்தியாயம் படித்தேன். எண்ணிக்கை பார்ப்பது ஒரு முறை. உட்கார்ந்து பேசுவது ஒரு முறை. ஓரமாக நின்று கவனிப்பது ஒரு முறை. ஒவ்வொன்றின் கீழும் அதன் குறைகள் ஒரு முழம் நீளத்துக்கு. எல்லாமே குறை என்றால் எதைத்தான் செய்வது?

"ஊருக்கே புத்தி சொல்ற, இது புரியலையாக்கா?" என்று சிரிக்கிறாள். "முதல்ல உனக்கு என்ன தெரியணும், அதைச் சொல்லு."

"நிறைய பேர் கேக்கறாங்கன்னு தெரியணும்."

"அதை நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டியே. அப்புறம் எதுக்கு ஆய்வு?"

வாயாடி.

மார்ச் 9, திங்கள்

எண்பது படிவம் அச்சடித்து பஸ் நிறுத்தத்திலும் மருத்துவமனை வரிசையிலும் கொடுத்தேன். அறுபத்தொன்று திரும்பி வந்தன. 'மதிய முற்றம் நிகழ்ச்சியைக் கேட்பீர்களா?' ஆம் என்று ஐந்தே ஐந்து பேர்.

ஐந்து பேருக்காகவா தினமும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டிருந்தேன்?

மார்ச் 10

அறுபத்தொரு படிவத்தையும் மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

மார்ச் 11, புதன்

பதினான்கு பேர் படிவத்தில் போன் நம்பரும் எழுதியிருந்தார்கள். அதில் பதின்மூன்று பேர் 'இல்லை'. சரி, ஏன் கேட்பதில்லை என்று விசாரிக்கலாம் என்று ஒவ்வொருவராக அழைத்தேன். பத்துப் பேர் தினமும் கேட்கிறார்களாம்! ஒரு அம்மா, "ஐயோ நீங்களா! குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சே" என்றார்.

துள்ளிக்கொண்டு போய் தங்கையிடம் சொன்னேன்.

"உன் குரல்லயா கேட்டே?"

"பின்ன யார் குரல்ல கேக்கறது?"

"நேர்லயே கேட்டா யாருக்கா இல்லன்னு சொல்வா? இதைக் கணக்குல சேக்க முடியாது."

ஒரே ஆள் தாளில் இல்லை என்கிறார், போனில் ஆமாம் என்கிறார். எதை நம்புவது? தலை சுற்றுகிறது.

மார்ச் 12

பல் தேய்க்கும்போது தோன்றியது. கேட்காதவர்களுக்கு என் குரல் எப்படித் தெரிந்தது?

தங்கையை விட்டு அதே பதின்மூன்று பேரையும் மறுபடி அழைக்கச் சொன்னேன். அவள் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா, "மதிய முற்றமா? அது என்னதும்மா? நாங்க ரெண்டு மணிக்கு அந்த அக்கா வர்றதுதான் போடுவோம்" என்றாராம். அதற்குப் பிறகு பெயரை விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு ரேடியோ போடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். ஒன்பது பேர் ஆம். என்னிடம் சொன்ன பத்தாவது ஆள் முகதாட்சண்யத்துக்குச் சொல்லியிருக்கிறார்.

ஏழு வருஷமாகத் தினமும் ஆரம்பத்திலும் முடிவிலும் அந்தப் பெயரைச் சொல்கிறேன். அந்த ஐந்து பேரைத் தவிர ஒரு ஜென்மத்துக்கும் தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா?

மார்ச் 17, செவ்வாய்

புத்தகத்தின் மூன்றாவது முறை, ஓரமாக நின்று கவனிப்பது. இன்றைக்கும் நாளைக்குமான நிகழ்ச்சிகளை, நேயர்களின் போன் பேச்சோடு நேற்றே பதிவு செய்து கொடுத்துவிட்டு, தங்கையோடு கடைத்தெருவில் உள்ள தையல்கடைக்குப் போனேன். அங்கே நான் வாயைத் திறக்கக் கூடாது. "அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று அவளே சொல்லிவிட்டாள். சொல்லாமல் கவனிப்பது சரியா என்று புத்தகம் ஒரு பக்கத்துக்குக் கேள்வி கேட்டுவிட்டு, பதிலைச் சொல்லாமல் நழுவியிருந்தது. எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

ரேடியோ ஓடியது. நேயர்கள் பேசும்போது மூன்று மெஷினும் மெதுவாகின. மாமியார் வீட்டுக் கதையைச் சொன்ன ஒரு பெண்ணுக்குக் கடைக்காரம்மா பதிலே சொன்னார்: "அவன்கிட்ட நேரா கேளுடி, எதுக்குப் பயப்படறே?" பிறகு என் சிந்தனை ஆரம்பித்தது. அந்தம்மா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏம்மா குறைக்கறீங்க?" என்றாள் தங்கை.

"இது அந்தப் பொண்ணு படிக்கறதும்மா. முடிஞ்சதும் ஏத்திக்கலாம்."

பத்து நிமிஷம் கழித்து, சரியாக ஏற்றினார்.

மார்ச் 18

இன்னும் இரண்டு கடை, ஒரு வீடு பார்த்தோம். வீட்டில் மட்டும் குறைக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை உட்கார்ந்து எழுதுவேனே. அடித்து, திருத்தி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து... அதையா?

மார்ச் 22, ஞாயிறு

அறிக்கை இருபது பக்கம் வந்திருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டது என் தவறு என்று எழுதிவிட்டேன். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒன்பது பேரும் கடைகளும் போதும். சத்தம் குறைத்த விஷயம் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது.

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டா யாருக்குக்கா தெரியும்?" என்றாள் தங்கை. இத்தனை நாள் என்னைக் கேள்வி கேட்டவள்! என்மேல் பாவப்பட்டுத்தான் சொன்னாள், எனக்குத் தெரியாதா.

எடுத்தேன். திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன். அந்தத் தையல்கடை அம்மா பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் இந்த மூன்று வாரத்தில், நான் யாரென்று தெரியாமல் என் எதிரிலேயே உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அதை மட்டும் எப்படி விடுவது? மனசு கேக்கல.

மார்ச் 23

கொடுத்துவிட்டேன். இருபது பக்கமும்.

மார்ச் 27, வெள்ளி

இயக்குநர் கூப்பிட்டார். நிகழ்ச்சி இருக்கும், முழு ஒரு மணி நேரமும். சிந்தனை கிடையாது. "நீங்களேதான் எழுதியிருக்கீங்கம்மா" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல. சரி சார் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை. துணி மடித்தேன்.

மதியம் ஒருவர் போனில் பதினோரு நிமிஷம் பேசினார். மனைவி போன பிறகு வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கிறாராம். "ம்" கொட்டினேன், அவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கி, என்ன ஆச்சு, ஏன் பேசலை என்று கேட்டார்.

முன்பெல்லாம் நேயர்கள் பேசும்போது நான் அடுத்து வாசிக்க வேண்டிய தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று மேஜையில் தாள் இல்லை. அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.