கேமராவுக்குச் சொன்ன பதில்

மருந்து வாசனையோடு மேலுலகம் போன என் அருமை அண்ணா,

அங்கே தேவர்களுக்குத் தும்மல் வந்தால் உன்னைத்தான் தேடி வருவார்கள் என்று நம்புகிறேன். வரிசை ரேணிகுண்டா வரை நீண்டாலும், ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விசாரித்துத்தானே அனுப்புவாய்?

சித்தூரில் உன் மருந்துக்கடையை இப்போது உன் மகள் சுகுணா நடத்துகிறாள். படிப்பில் உன்னைவிட ஏழு மலை உயரம். ஆனால் கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறாள். திருடனுக்காக அல்ல. டாக்டர் சீட்டு இல்லாமல் யார் வந்தாலும் அதை அண்ணாந்து பார்த்து, "இவருக்கு நான் எதுவும் குடுக்கல" என்று உரக்கச் சொல்கிறாள். கோர்ட்டுக்குச் சாட்சியாம்! நான் இருமல் மிட்டாய் கேட்டதற்கும் அதே வாக்குமூலம். மூவுலகிலும் மிட்டாய்க்காகக் கூண்டில் ஏறப்போகும் முதல் சித்தப்பா நான்தான் என்று சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை சிரிப்பு நின்றது. பாலசமுத்திரம் முனுசாமி வந்தார். வருடக்கணக்காக உன்னிடமே இன்ஹேலர் வாங்கியவர். கையில் காலி இன்ஹேலர், கசங்கிய பழைய சீட்டு.

"மூச்சு இழுத்துக்கினே இருக்குதும்மா. ஒண்ணே ஒண்ணு குடு."

"சீட்டு பழசாயிடுச்சு தாத்தா. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அவரை உக்கார வெச்சு டாக்டருக்கு ஒரு போனாவது போடேம்மா," என்றேன்.

"போன் போட்டா என் பேரும் கேசுல வரும் சித்தப்பா. திருப்பதியில என் ஃப்ரெண்டு பாவம் பாத்து மருந்து குடுத்தா, கடைக்கு சீல் வெச்சிட்டாங்க. நைனா காலம் வேற."

பிறகு கேமராவை அண்ணாந்து பார்த்து அதே வாக்குமூலத்தைச் சொன்னாள். அங்கே யாரோ பதில் சொல்வார்கள் என்று நினைத்து முனுசாமியும் அண்ணாந்து பார்த்தார், அண்ணா.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் அவர் ஏறிய பஸ் கிளம்பிவிட்டது. திருப்பதி போய்ச் சேர்ந்தாரா? வழியில் பாகாலாவிலேயே இறங்கிவிட்டாரா? அன்றிலிருந்து அவர் போன் மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

சுகுணா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். தன்னைக் காப்பாற்றும் என்று மாட்டிய கேமரா அது. அதில் அவள் குரலைவிட அவர் மூச்சுதான் பலமாகக் கேட்கிறது.

நாளை முதல் பஸ்ஸில் அவளைப் பாலசமுத்திரம் கூட்டிப்போகிறேன். வர மறுத்தால் கடையோடு பெயர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவேன், சத்தியம். அந்த வீட்டு வாசலில் எது காத்திருந்தாலும், அவளை அண்ணாந்து பார்க்க விடமாட்டேன்.

ஒருவேளை அவர் அதற்குள் உன் வரிசைக்கே வந்துவிட்டிருந்தால், முதலில் உட்காரவை, அண்ணா.

உன் புளுகுமூட்டைத் தம்பி