ஓரா குத்திய கை

மச்சான்,

இன்று காலை கொட்டகலை பஜாரில் மீன்காரன் பெட்டியைத் திறந்தான். ஐஸ் உருகிய தண்ணீர் தெருவில் ஓடி என் செருப்புக்கு அடியில் வந்து நின்றது. கடல் வாடை. மீன் வாங்க நின்றவர்களுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எங்கே அனுப்புவது என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நாம் இரண்டு பேரும் ஆற்றில்தான் கிடப்போம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மண்புழு தோண்டுவோம். மூங்கில் கம்பை வெட்டித் தூண்டில் கட்டுவோம். என் தங்கச்சியை நீ கட்டிக்கொண்ட பிறகு, இனி ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பேசவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆற்றங்கரையில் நான் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றேன். நீ சிரித்துத் தண்ணீருக்குள் விழுந்தாய். அதோடு மரியாதை முடிந்தது.

பிறகு உன் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள். இந்தியாவில் துறையூர்ப் பக்கம் உன் அப்பாவுக்கு ஒரு துண்டு காடு இருந்தது. அதை நீ கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் யாரிடமும் கேட்காமல் தோட்டத்து ஆள்கணக்கில் பேரை வெட்டிக்கொண்டு, கண்டிக்குப் போய் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிவிட்டு வந்தாய். தங்கச்சி அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினாள். "தலைமன்னார் வரைக்கும் வருவேன். கப்பல்ல ஏற மாட்டேன். எங்க அம்மாவ விட்டுட்டு நா எங்கயும் வரல" என்று என்னிடம் சொன்னாள், உனக்கும் கேட்கிற மாதிரி.

அம்மா என்னை லயத்து வீட்டு வரிசையின் கோடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது உனக்குத் தெரியாது. "நீயும் கூடப் போ. அவ ஏறலன்னா கையப் புடிச்சு இங்க கூட்டிக்கிட்டு வந்துரு." நான் தலையாட்டினேன். எனக்கும் அதுதான் ஆசை. தங்கச்சி ஏறாவிட்டால் நீயும் ஏறமாட்டாய், மூன்று பேருமாகத் திரும்பி வந்துவிடலாம் என்று ரயிலில் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

தலைமன்னாரில் காற்று. அன்று கப்பல் இல்லை, மறுநாள் காலையில்தான் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தங்கச்சி மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். ரயில் ஏறியதிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நீ அவள் முன்னால் பாணும் சம்பலும் வைத்தாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் நீ மூட்டையை அவிழ்த்து ஒரு பால்டின்னை எடுத்தாய். உள்ளே நம் மாட்டுக்கொட்டகை மண், மண்ணுக்குள் புழு.

"அட பாவி, பொட்டி சாமானோட இதையுமா கட்டுன?"

"கடலுன்னா மீனு இருக்கும்ல? பச்ச மீனு ஆணம் காச்சுனா ஒந்தங்கச்சி வேணாம்னு சொல்லி நா பாத்ததில்ல. வாடா."

கரையில் நின்று ஆற்றில் வீசுவதுபோலவே வீசினாய். அலை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டுவந்து உன் காலடியில் போட்டது. மறுபடி வீசினாய். மறுபடி கொண்டுவந்து போட்டது. "கடலு வேணாங்குதுடா" என்றாய். "மலநாட்டுக்காரன் கையால வாங்க மாட்டேங்குது." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெயில் ஏறியது. புழு காய்ந்துவிடும் என்று, ஆற்றில் செய்கிற பழக்கத்தில், ஒரு கை கடல்தண்ணீரை அள்ளி டின்னுக்குள் தெளித்தாய். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் சுருண்டு செத்துப்போயின. நீ அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நம்மூரு புழுடா. ஒரு கை உப்புத் தண்ணிக்குத் தாங்கல" என்றாய்.

கப்பல்துறைப் பாலத்தின் அடியில் ஒரு அம்மாள் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நம் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பிமார், கடலுக்கு மண்புழுவோ கொண்டந்தனீங்கள்? இஞ்சத்த மீன் அதைக் கண்டு பயந்து ஓடப்போகுது" என்று சிரித்தாள். ஒரு பிடி இறாலை உன் கையில் கொட்டினாள். "கரையில நிண்டு என்ன செய்யிறது? மேல போங்கோ, தூணோரமா விடுங்கோ."

பாலத்தின் மேல் பலகை இடுக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நமக்குத் தலை சுற்றியது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லாந்து படுத்து, பிறகு குப்புறத் திரும்பித் தூண்டிலை விட்டோம். அங்கே கிடந்தபடி கேட்டாய்: "அவ ஏற மாட்டாளாடா?"

"ஏற மாட்டா. நீயும் ஏறாத, மச்சான். வா, திரும்பிப் போயிரலாம்."

"போயி? பேரு வெட்டியாச்சு. நாங்க இருந்த காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. நாளைக்கி போலீசு வந்து கேட்டா என்னத்தக் காட்டுவேன்? என்னால இருக்க முடியாதுடா. அவளால முடியும். அவளுக்கு ஒங்க அம்மா இருக்கு."

அப்போது உன் கயிறு இழுத்தது. நல்ல இழுப்பு. மேலே வந்து விழுந்தது கையகல மீன், பச்சையும் பழுப்பும், மேலெல்லாம் புள்ளி. பலகையில் துள்ளி இடுக்குக்குள் விழப்போனது. ஆற்று மீனைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் இறுக்கிப் பிடித்தாய். போட்டாயே ஒரு கத்தல்! கீழே இருந்த அம்மாள் ஓடிவந்தாள். "ஐயோ, ஓரா குத்திப்போட்டுது! முள்ளுல விசம். சுடுதண்ணிக்குள்ள கைய வையுங்கோ, கெதியா!"

உன்னைத் தோளில் சாய்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். வலது கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. வலியில் உனக்கு வேர்த்துக் கொட்டியது. மறு கையில் அந்த மீனை விடாமல் பிடித்திருந்தாய். அதைத் தங்கச்சி முன்னால் நீட்டி, "ஒனக்குத்தான்" என்றாய்.

தங்கச்சி எழுந்தாள். "கை இப்படி வீங்குற வரைக்கும் ரெண்டு பேரும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். தேத்தண்ணிக் கடைக்கு ஓடிக் கொதிதண்ணீர் வாங்கிவந்து, ஆற்றி ஆற்றி உன் கையை அதற்குள் அழுத்திப் பிடித்தாள். நீ துடித்தாய். "ஆடாம இருங்க" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சாயங்காலம் அந்த அம்மாளின் அடுப்பில் மீனைச் சுட்டோம். உன்னால் கையை மடக்க முடியவில்லை. தங்கச்சி முள் எடுத்து உனக்கு ஊட்டினாள், நடுவில் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். "இந்தக் கைய வச்சுக்கிட்டு அங்க போயி மம்பட்டி புடிப்பீங்களா? ஒங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா? வரேன். ஒங்களுக்காக இல்ல, இந்தக் கைக்காக வரேன்" என்றாள். நீ வலியிலும் சிரித்தாய். நான் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டாளே என்று என் வயிறு குளிர்ந்தது. அம்மாவிடம் வெறும் கையோடு எப்படிப் போய் நிற்பேன் என்று அதே வயிறு எரிந்தது.

காலையில் கப்பல் போனது. நீ வீங்கிய கையைத் தூக்கி ஆட்டினாய். தங்கச்சி அதை ஆட்டவிடாமல் பிடித்துக் கீழே இழுத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேரையும் நான் பார்க்கவே இல்லை.

லயத்துப் படியில் அம்மா நின்றிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தது.

"எங்கடா அவ?"

"மச்சானுக்குக் கையில மீன்முள்ளு குத்திருச்சும்மா. வீங்கிப்போச்சு. அதான் கூடப் போயிருக்கா."

அம்மா படியில் உட்கார்ந்தது. பிறகு, "சரி. கை ஆறுனதும் வந்துருவால்ல?" என்று கேட்டது.

நான் "ஆமா" என்றேன். வேறென்ன சொல்லியிருக்கவேண்டும், மச்சான்? அதன் பிறகு நான் வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் அம்மா அதைத்தான் கேட்டது. "ஆறிருச்சாமா?" என்று கேட்கும். "இன்னும் வீக்கம் வத்தலம்மா" என்பேன். உன் கை இரண்டொரு நாளில் ஆறியிருக்கும். நீ அந்தக் கையால் காடு வெட்டினாய், கிணறு தோண்டினாய், பிள்ளைகளைத் தூக்கினாய் என்று தங்கச்சி போனில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே எங்கள் காம்பராவில் மட்டும் அம்மா கண்மூடும்வரை அது ஆறவே இல்லை.

இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்து படியேறும்போது என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இன்றைக்கும் சொன்னேன்.

"இன்னும் வீக்கம் வத்தலம்மா."