கை வைத்துப் பார்த்தவர்

கிண்ணியா
வெள்ளிக்கிழமை

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

லாபிர் காக்கா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நேற்றும் போனில் கதைத்தோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கதைக்கும்போது உம்மா பக்கத்திலேயே இருக்கிறார். மகள் போனைப் பறிக்கிறாள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு ஏலாது.

மகள் ஜெஸ்மினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். கிணற்று மோட்டர் பழுதாகி, திருத்தியாயிற்று. மழை இன்னும் இல்லை.

மச்சான், எனக்குச் செய்தது அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் இல்லை. உம்மா பயத்தில் உங்களிடம் அப்படிச் சொல்லிவிட்டார். அப்போது நான் மயக்கத்தில் கிடந்தேன். எழும்பிய பிறகு, பொய்யைப் பொய் என்று சொல்லத் தெம்பு இருக்கவில்லை.

நீங்கள் லீவு முடிந்து போன பிறகு எனக்குக் கொஞ்சம் இரத்தம் பட்டது. வழமையானதுதான் என்று நினைத்தேன். வயிற்றில் ஏதும் உண்டா என்று நீங்கள் கேட்டபோது, இந்த முறையும் இல்லை என்று சொன்னேன். நீங்கள் பரவாயில்ல புள்ள என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் வலி வந்தது. அடிவயிற்றில், வலப்பக்கம். உம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். வலி கேட்கவில்லை. பஸாரில் புதிதாகத் திறந்திருக்கும் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். எங்கே வலி என்று கேட்டார். வயிற்றில் என்றேன். பிள்ளை ஏதும் தங்கியிருக்குமோ என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே உம்மா, "அவட மாப்பிள்ள கட்டாரில, டொக்டர்" என்றார். மாப்பிள்ளை எப்போது போனவர் என்று அவர் கேட்கவில்லை. வயிற்றுப் புண் என்று எழுதிக் குளிசை தந்தார். என் வயிற்றில் கை வைக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. பெண்பிள்ளை, தாயும் பக்கத்தில் என்று கூச்சப்பட்டாரோ தெரியாது. உண்மையைச் சொன்னால், அவர் தொடாதது அன்றைக்கு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

குளிசையை ஒழுங்காகக் குடித்தேன். வலி போய்ப் போய் வந்தது. பிறகு படுத்தால் தோள்மூட்டும் வலித்தது. தண்ணீர் தூக்கியதால் என்று நினைத்தேன். ஒரு காலை, உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே கண் இருண்டு விழுந்துவிட்டேன். உம்மா கத்திய சத்தத்தில் முத்தலிப் காக்கா ஓட்டோவைக் கொண்டுவந்து, எங்களைத் திருகோணமலைக்கு ஏற்றிப்போனார். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது. பாலத்தில் போகும்போது கீழே யாரோ தோணியில் நின்று வலை இழுத்தார்கள். அவர்களைப் பார்த்தபடி இருந்தேன். பயம்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டொக்டர் லக்சாயினி. நிலாவெளிப் பக்கத்து ஆள். என்னை விட வயது குறைவாகத்தான் இருக்கும். வந்தவுடனே உம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ. இவவோட நான் தனியக் கதைக்க வேணும்" என்றார். உம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் போனார். டொக்டர் திரையை இழுத்து மூடினார். கடைசியாக எப்போது மாதக் குளிப்பு, அது வழமை மாதிரி வந்ததா, குறைவாகவா, கணவர் எப்போது போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லச் சொல்ல என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

பிறகு தன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "வயித்தில கை வைக்கட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கே கூட நோகிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கோ என்றார். காட்டினேன். அவர் அந்த இடத்தை உடனே தொடவில்லை. மற்றப் பக்கத்தில் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தார். கை என் வயிற்றில் இருந்தது, கண் என் முகத்தில் இருந்தது. வலப்பக்கம் அமர்த்தியபோது நொந்தது. கையை எடுத்தபோது அதைவிட நொந்தது. கத்திவிட்டேன். அவர் திரும்பவும் அமர்த்தவில்லை.

ஓட்டோ குலுங்கும்போது வலி கூடியதா என்று கேட்டார். ஓம் என்றேன். தோள் நோகிறதா என்றார். வயிற்று வலிக்கு வந்தவளிடம் தோளைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே இரத்தம் கசிந்தால் அது தோளிலும் காட்டும் என்று பிறகு சொன்னார். "உள்ளுக்கும் பாக்கிறது வழமைதான். இப்ப உங்களுக்கு அது வேண்டாம், இதுவே காணும்" என்றுவிட்டு, நர்ஸிடம் திரும்பி ஏதோ சொன்னார். ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் அவருடைய கை சொன்னதையே சொல்லின.

பிள்ளை தங்கியிருக்கிறது, ஆனால் கருப்பையில் இல்லை, குழாயில் என்றார். குழாய் வெடித்துவிட்டது, உடனே ஒப்பரேஷன் செய்யாவிட்டால் என்னைக் காப்பாற்ற ஏலாது என்றார். "இதுக்கு முந்தி ஒருத்தரும் வயித்தில கை வைச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

மச்சான், எங்களுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்பதையும் அது போகப்போகிறது என்பதையும் நான் ஒரே மூச்சில் கேட்டேன். சந்தோஷப்படவோ அழவோ நேரம் இருக்கவில்லை. வலப்பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். யார் யாருடையதோ இரத்தம் ஏற்றினார்கள். எடுத்ததை எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் அழுகை வரவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன். படு என்றால் படுக்கிறேன்.

உம்மாதான் அழுகிறார். குசினியில் நின்று, தான் அன்றைக்கு டிஸ்பென்சரியில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தனக்குள்ளேயே சொல்கிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள். ஒரு பானையைக்கூடத் தூக்க என்னை விடுவதில்லை.

ஸெய்னுதீன் ஹாஜியார் வீட்டு மாமி என்னைப் பார்க்க வந்தார். உம்மாவின் காதில் குசுகுசு என்று ஏதோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்பிள்ள எப்பம்மா போனவரு?" என்றார். டொக்டரும் இதையேதான் கேட்டார். டொக்டர் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. மாமி கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். இந்த முறையும் இல்லை என்று நானே உங்களுக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும், நாள் எண்ணிப் பார்க்கும் அந்தக் கணக்கை உங்களுக்கும் இதில் எழுத மாட்டேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மற்றக் குழாய் நன்றாக இருக்கிறதாம். அடுத்த முறை நாள் தள்ளினால் உடனே வந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த முறை என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வெயிலில் நின்று வேலை செய்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அல்லாஹ் உங்களை எல்லாக் கஷ்டங்களிலிருந்தும் பாதுகாப்பானாக. இதைப் படித்தவுடன் ஒரு போன் கோல் எடுங்கள். உம்மாவிடமோ மகளிடமோ கொடுக்காமல் நானே வெளியில் எடுத்துப்போய்க் கதைக்கிறேன். வேறொன்றும் சொல்ல வேண்டாம். எங்கட புள்ள என்று ஒரு தரம் உங்கள் வாயால் சொல்லுங்கள், மச்சான். அதைக் கேட்டால் எனக்கு அழுகை வரும் என்று நினைக்கிறேன்.

வஸ்ஸலாம்.

உங்கள்
சனூஸா