முள் நறுக்கிய ரப்பர் தவளை

அன்பு மச்சான் ஜாஃபருக்கு,

நேற்று உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. நானும் வந்து உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ இருந்த கடைசி மூன்று வருஷம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். வெட்கமாக இல்லையாடா என்று கேட்பாய். இருந்தது.

செங்கம் ரோட்டில் என் எஸ்.டி.டி. பூத் இப்போது பாதி ஜெராக்ஸ் கடை. ஆளாளுக்கு செல்போன் வந்துவிட்டது. அங்கே போன் பேச வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் தூண்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் புழுக்களும் ஒரு ரப்பர் தவளையும், தொட்டால் நிஜம் மாதிரியே கொழகொழவென்று. பக்கத்துக் கடையில் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்த நீதான் ஓடிவந்து முதலில் எடுத்தாய். உயிருள்ள தவளையை முள்ளில் குத்த மனசு வராமல், விரால் பக்கமே போகாதவன் நீ. பத்திரமாக இருக்கட்டும் என்று புழுக்களைப் பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் போட்டு வெயிலில் வைத்தாய். எல்லாம் உருகி டப்பாவோடு ஒட்டிக்கொண்டது. தவளை மட்டும் மிச்சம்.

அந்தத் தவளையை வைத்துத்தான் நான் பாவம் செய்தேன்.

என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. விரால் சாறு கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்றார்கள். அடி அண்ணாமலைக்கு அப்பால் ஏரிக்கு நீயும் கூட வந்தாய்; விடிந்ததிலிருந்து வீசியும் ஒன்றும் சிக்கவில்லை. அப்போதுதான் அல்லி இலைகளுக்கு நடுவே, செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கின. அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும், எது விழுந்தாலும் பாயும் என்று எனக்கும் தெரியும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வேணாம்டா மச்சான். அதுக்குப் பசி இல்ல, புள்ளைங்கள காப்பாத்த வருது. மார்க்கெட்ல நான் வாங்கித் தரேன், வா."

உதறிவிட்டு வீசினேன். ஒரே வீச்சில் சிக்கியது. கரையில் அது துடிக்கும்போதே மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்க வந்துவிட்டன. நீ லுங்கியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அடித்து அடித்து அவற்றை விரட்டினாய். நான் தவளையைக் கழற்றிக் கரையிலிருந்த பெட்டியில் எறிந்துவிட்டு, மீனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, ஒரு தூக்கில் விரால் சாறு கொண்டுவந்தாள். நீ மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்ததாம். நீ வரவில்லை. ஒரு மீனுக்காகவா இவ்வளவு ரோஷம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். நீயே வந்து பேசட்டும் என்று இருந்தேன். நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

நேற்று தங்கச்சி அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "மழ பேஞ்சா இத எடுத்துக்கினு ஏரிக்குப் போவாருண்ணா. ஒரு நாளும் மீனு கொண்டாந்தது இல்ல" என்றாள். திறந்தேன். தவளையின் முள்ளை நீ அடியோடு நறுக்கியிருந்தாய். ரப்பர் முழுக்கப் பல் தடம்.

ராத்திரி மழை பெய்தது. மழைக்காலத்தில்தானே விரால் குஞ்சு பொரிக்கும். இன்று காலை ஏரிக்குப் போனேன். அதே இடத்தில் சிவப்புக் கூட்டம். உன் தவளையை ஓரமாக வீசினேன். அடியிலிருந்த காவல் மீன் பாய்ந்து ஒரு கவ்வு கவ்விவிட்டுப் போனது. தூண்டில் நரம்பு என் விரலில் அதிர்ந்தது. மழைக்கு மழை நீ எதற்குப் போனாய் என்று அப்போது தெரிந்தது. காவலுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்க.

இருக்கிறது, ஜாஃபர்.

நான் செய்தது தப்பு. இந்த ஒரு வார்த்தையை உன் முகத்துக்கு நேரே சொல்ல மூன்று வருஷம் போதவில்லையே எனக்கு?

இனி மழை பெய்தால் நான் போகிறேன். காவல் இல்லாத கூட்டத்தைக் கண்டால் நானும் தண்ணீரில் இறங்குவேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இறங்குவேன்.

கடைசிவரை வாய் திறக்காத உன் மச்சான்,
முருகேசன்