உன் நைனா ஓட்டும் தகர ரயில்

பாகாலா
19-6-1960

அன்புள்ள கோவர்த்தனனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஏழுமலையான் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சுகம், நீ பிலாயில் அந்த இரும்பு உலைக்குப் பக்கத்தில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா என்று உடனே எழுது. திருத்தணியில் உன் தங்கை செல்வி நன்றாக இருக்கிறாள், ஏப்ரலில் திருத்தணியை மெட்ராஸோடு சேர்த்ததிலிருந்து அவள் மெட்ராஸ்காரி, நாம் ஆந்திராக்காரர், அடுப்பைக்கூட நகர்த்தாமல் ஊரோடு ராஜ்யம் மாறிவிட்டேன் என்று சிரிக்கிறாள், மாப்பிள்ளைக்குத்தான் பல்வலி.

நைனா ரிடையரானதிலிருந்து பொம்மை ரயில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று போன கடிதத்தில் அழுதிருந்தேனே, இனி நீ கவலைப்படாதே. கிருஷ்ணாயில் டின்னை வெட்டித் தண்டவாளம், நூல்கண்டுக் கட்டையில் சக்கரம், டீப்பெட்டிப் பலகையில் பெட்டிகள், தென்னங்குச்சியில் கைகாட்டி, கூடம் பூராவும் பாகாலா ஸ்டேஷன்தான், எனக்குக் காலை நீட்ட இடமில்லை. முப்பது வருஷம் பாயிண்ட்ஸ்மேனாக நின்றும் அலுக்கவில்லையா, புத்திதான் பேதலித்துவிட்டதோ என்று பயந்து திருப்பதி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நாடி பார்த்து "ஏமீ லேதம்மா", ஒன்றுமில்லையம்மா என்று அனுப்பிவிட்டார். என் மனசு ஆறாமல் மலைக்கு மொட்டை வேறு வேண்டிக்கொண்டேன், என் தலையை அல்ல, அவர் தலையைத்தான்.

போன வெள்ளிக்கிழமை குடத்தோடு அந்தத் தண்டவாளத்தைத் தாண்டினேன். "ஏய் நில்லு, டோக்கன் இல்லாம எங்க போய்க்கினு இருக்கிற" என்று உன் நைனா ஒரு கத்தல். ஒற்றைப் பாதையில் டோக்கன் மாட்டிய வளையத்தைக் கையில் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பது தெரியும், ஆனால் அவர் நீட்டிய வளையம் நான் ஒரு மாதமாகத் தேடிய என் கண்ணாடி வளையல். திட்டிக்கொண்டே அதை வாங்கி, அவர் சொன்னபடி வண்டியைத் தள்ளினேன். மூன்றாவது பெட்டி வந்ததும் மனுஷன் எழுந்து நின்று கையை உயர்த்தி ஆட்டினார். குனிந்து பார்த்தேன், அதன் ஜன்னலில் உன் பழைய நீலச்சட்டைத் துண்டு ஒட்டியிருந்தது.

விடாமல் கேட்டேன். நீ ஊரைவிட்டுப் போன அன்று அவருக்கு டியூட்டி. டிரைவரிடம் டோக்கன் கொடுத்ததும், வண்டி தாண்டிப் போகும்வரை சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டுமாம், எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று. "நானூறு பேரு உயிருடி, புள்ளய பாத்துக்கினு நின்னா சக்கரத்த யாரு பாக்கறது? ஜன்னல்ல கை ஆடுச்சி, தெரிஞ்சிச்சி, தலைய தூக்கல" என்றார். அப்புறம் பொம்மை வண்டியைத் தொட்டுக் காட்டி, "இதுல யாரும் சாவ மாட்டாங்க, எத்தினி வாட்டி வேணா புள்ளய பாக்கலாம்" என்றார். நான் அழுதுவிட்டேன் கண்ணு. அவர் பார்த்துவைத்த ரயில்வே வேலையை நீ வேண்டாம் என்ற கோபத்தில்தான் முகம் கொடுக்கவில்லை என்று நீ நினைத்தாய், இரண்டு வருஷமாக எனக்கு மட்டும் எழுதுகிறாய், அவருக்கென்று ஒரு வரி இல்லை. நானும் அப்படியே நம்பி அவரைக் கல்நெஞ்சன் என்று எத்தனை முறை ஏசியிருக்கிறேன். பைத்தியமுமில்லை, கோபமுமில்லை, அப்பாடா என்று அன்றைக்குத்தான் ஒரு பிடி சோறு ருசியாக இறங்கியது. இப்போது தினமும் மத்தியானம் காட்பாடி வண்டியை நான்தான் தள்ளுகிறேன், சொன்னால் சிரிப்பாய், எனக்கே பிடித்துப்போய்விட்டது. வளையல் நேற்று உடைந்தது, மூங்கிலில் ஒன்று வளைத்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி ஷிப்டில் வெறும் வயிற்றோடு நிற்காதே. நைனா பெயருக்கே தனியாக ஒரு கார்டு போடு. நான் எழுதச் சொன்னதாக அதில் எழுதிவிடாதே. முருகன் அருளால் நூறு வயசு நன்றாக இரு. ஆடிக் கிருத்திகைக்கு லீவு கிடைத்து வந்தால் ஒன்றை மறக்காதே, காட்பாடியில் ஏறும்போது பாகாலா பிளாட்பாரம் வரும் பக்கத்து ஜன்னலில் உட்கார். சக்கரம் பார்க்க இப்போது வேறு ஆள் வந்துவிட்டான்.

உன் அம்மா,
தாட்சாயணி