நடுவில் உட்கார்ந்து பேசியவள்

மேடம்,

இன்று காலை க்ளப் சமையலறைக் கதவைத் திறந்ததும் அந்தப் பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. நேற்று எல்லோரும் சேர்ந்து உங்கள் கொரியா ஊறுகாய், கிம்ச்சி போட்டிருக்கிறார்கள். மிளகாய்த்தூள் சிவப்பு தரையெல்லாம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. நீங்கள் இருந்த காலத்தில் முட்டைக்கோஸின் கடைசி இலை டப்பாவுக்குள் போகும் முன்பே ஈரத்துணி தரைக்கு வந்துவிடும். நான் வாசற்படியிலேயே நின்று அழுதேன். கேட்டில் காவலுக்கு இருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். பூண்டு நெடி கண்ணில் ஏறிவிட்டது என்றேன்.

"இன்னாமா, பூண்டுக்கா கண்ணுல தண்ணி வரும்? வெங்காயம்னா சொல்லு, நம்புறேன்," என்றார். பிறகு அவரே போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் போன வாரம் செய்தி அனுப்பினாள். அன்று எனக்கு அழக்கூட நேரமில்லை. மாமியார் இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறார். அவருக்குத் துடைத்து, கஞ்சி ஊட்டி, கவரைப்பேட்டையில் ரயிலைப் பிடித்து இங்கே வருவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. செய்தியைப் படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். இப்படித்தான் இருக்கிறது மேடம் என் நிலைமை.

இதற்கு நடுவில் புதுத் தலைவி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உங்கள் நினைவாக க்ளப்பின் தொண்டு வேலையைப் பெரிதாக்கப் போகிறார்களாம். நாம் போய்வந்த கடம்பத்தூர்ப் பக்கத்து முதியோர் இல்லம் போதாதாம். இன்னும் இரண்டு இல்லங்கள், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், வாராவாரம் படம் எடுத்து உங்கள் ஊருக்கு அனுப்புவது, எல்லாம் என் பொறுப்பு. "உங்களைவிட யாருக்குத் தெரியும்? அவர் பெயரில் நடக்கப்போவது," என்றார். வெள்ளிக்கிழமை பதில் சொல்லச் சொன்னார். செத்துப்போனவர் பெயரை முன்னால் வைத்துக் கேட்டால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அந்தப் பதிலைத் தலையில் சுமந்துகொண்டுதான் வாரம் முழுவதும் திரிந்தேன்.

உங்களை முதன்முதலாகப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. தொழிற்சாலை அலுவலகத்தில் உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்த என்னை, கொரிய அதிகாரிகளின் மனைவிமார் க்ளப்புக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வெளியே, லாரிப் புழுதி ஜன்னலில் படியும் ஒரு வாடகை மாடி வீடு. உள்ளே போனால் வேறு தேசம். பிறந்தநாள், பூ அடுக்குவது, சீட்டாட்டம், கோரஸ் பாட்டு. ஆனால் அங்கே அதிகம் நடந்தது வழியனுப்பு விழாதான். யாராவது ஒருவருடைய கணவருக்கு எப்போதும் மாற்றல் வந்துகொண்டே இருக்கும். கேக் வெட்டுவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், அடுத்த மாதம் அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். யாரோடும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் அப்போதே முடிவு செய்தேன். நீங்கள் அதைக் கெடுத்தீர்கள்.

மற்றவர்கள் ஆசிரியை வைத்துப் புத்தகத் தமிழ் படித்தார்கள். நீங்கள் பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவரும் அக்காவிடம் கற்றுக்கொண்டீர்கள். கம்பெனி மேலதிகாரியின் மனைவியான நீங்கள், முத்துமாலை போட்டுக்கொண்டு, "இன்னாமே, இறால் இவ்ளோ சின்னதா கீது? பேஜாரு பண்ணாத," என்று பேசியதைக் கேட்டு அந்த அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் மானம் போயிற்று. இந்தத் தமிழை வெளியே பேசாதீர்கள் என்று கெஞ்சினேன். "ஏன்? அவங்களுக்கு புரியுது, எனக்கு புரியுது. யாருக்கு புரியல?" என்று கேட்டீர்கள்.

பிறகு அந்தப் புதன்கிழமைகள். பெரியபாளையம் வழியாக வேனில் போவோம். ஆதரவில்லாத வயதான பெண்கள் இருக்கும் இல்லம். க்ளப் பெண்கள் கேக், சோப்பு, கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து வருவார்கள். வயதானவர்களுக்கு முடி வெட்டிவிடுவது உங்கள் ஊரில் பெரிய சேவை, பாசம். வெட்டி, கழுவி, சீவிவிட்டு, கண்ணாடியைக் காட்டுவார்கள். ஒரு புதன்கிழமை இல்லத்து அம்மாக்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் அன்று அலுவலக அறையில் இல்லத்து மேலாளரோடு மருந்து விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, எப்போதும் ஜன்னல் ஓரம் உட்காரும் ஒரு அம்மாவின் பின்னல் தரையில் கிடந்தது. கழுத்து வரைக்கும் அழகாக வெட்டியிருந்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய பெண் பூரித்துப்போய் அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில்காரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அடிப்பாவிங்களா, அது திருத்தணி முருகனுக்கு வளர்த்த முடிம்மா. அவ பொண்ணு குவைத்துல ஊட்டு வேலைக்குப் போய்க்கினு ஒரு போனும் இல்லாம கெடக்குது. அது நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கினு இருந்தா. தணிகை மலையில எறக்க வேண்டியத இங்க பெருக்கித் தள்ளிட்டாங்களே," என்றாள்.

நான் உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் வெளுத்தது. இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. நேராகப் போய் அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தீர்கள். "ஏன் வெட்டாதன்னு சொல்லல?" என்று கேட்டீர்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எப்டி சொல்றது? அம்மாந்தூரத்துலேர்ந்து வண்டி கட்டிக்கினு வந்து, நம்ம தலைய தொட்டு நல்லது செய்றாங்கோ. வாணாம்னு சொன்னா மனசு நோவாதா? நாளைக்கு வராம போயிட்டா, மத்ததுங்கெல்லாம் என்ன திட்டாதா?"

நான் மொழிபெயர்த்தேன். உங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் அழுதார்கள். நீங்கள் அழவில்லை. அடுத்த வாரமே அவரைத் திருத்தணிக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தீர்கள். காரில் போகும்போதுதான் உங்கள் திட்டத்தைச் சொன்னீர்கள். அவருக்காக உங்கள் தலைமுடியை நீங்கள் இறக்கப் போகிறீர்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பெனியில் என்ன சொல்வார்கள், உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்வார், என் வேலை என்ன ஆகும்? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாணாம்," என்றார். "வேண்டிக்கினது நானு. முருகனுக்கு என்ன தெரியும், உன்ன அவருக்குத் தெரியுமா? உன் முடிய வெச்சிக்கினு அவரு இன்னா பண்ணுவாரு? இருக்கிறத நானே குடுத்துட்டு வரேன். நீ இங்க செருப்பப் பாத்துக்கினு நில்லு."

மேலதிகாரியின் மனைவி, மலை மேல், வெயிலில், ஒரு கிழவியின் ரப்பர் செருப்புக்குக் காவல் நின்றீர்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவர் வந்தபோது அப்படிச் சிரித்தீர்கள். "அவங்க எனக்கு வாணாம் சொன்னாங்க! கேட்டியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். யாரும் அதுவரை உங்களுக்கு ஒன்றை மறுத்ததே இல்லை போலும்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகள் தலைகீழாக மாறின. வெறுங்கையோடு போனோம். நீங்கள் நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும், "உனுக்கு இன்னா வாணாம்?" என்று கேட்டீர்கள். முதலில் எல்லாரும் முழித்தார்கள். உலகத்தில் யாராவது இப்படிக் கேட்பார்களா? பிறகு ஒருத்தி, "அந்த கேக்கு வாணாம்மா. சக்கரை வியாதிக்காரிங்க கையில கேக்க குடுத்துட்டு கைய தட்டுறீங்க," என்றாள். அவ்வளவுதான், மடை திறந்தது. போட்டோ வாணாம். மத்தியானம் தூங்கும்போது எழுப்ப வாணாம். க்ளப் பெண்களில் உயரமாக இருக்கும் அந்த அம்மா பாடும் பாட்டு வாணவே வாணாம். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்த உயரமான அம்மா என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். நான் தயங்கினேன். "அப்டியே சொல்லு," என்றீர்கள். சொன்னேன். அவர் ஒரு மாதம் வேனில் ஏறவில்லை.

குவைத்துக்குப் போன பெண் அடுத்த ஆண்டு திரும்பி வந்தாள். இளைத்துப்போய், ஒரு பையோடு வந்தாள். முருகன் செயலோ தூதரகத்தின் செயலோ, நமக்குத் தெரியாது. 

இதையெல்லாம் எழுதுகிறபோது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது மேடம். கூடத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்டீர்கள். சமையல்காரியைக் கேட்டீர்கள், வேன் டிரைவரைக் கேட்டீர்கள், பெருக்குகிற பெண்ணைக் கேட்டீர்கள். என்னை ஒரு தடவை கேட்டீர்களா? நான் உங்களுக்கு வாய், அவர்களுக்குக் காது. வாயையும் காதையும் யார் கேட்பார்கள்? உங்கள் வழியனுப்பு விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கே, எனக்கு கவல இல்ல," என்றீர்கள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இத்தனை வருஷமாக நடக்கிறது. புதுப் புதுத் தலைவிகள், புதுப் புது யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் நான் வேன் பேசினேன், சாப்பாடு பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். உங்களைத் திட்டுவதற்கு இப்போதுதான் வாய் வந்திருக்கிறது, நீங்கள் இல்லை.

இந்தப் புதன்கிழமை தனியாகப் போய் இல்லத்தில் நீங்கள் இறந்த விஷயத்தைச் சொன்னேன். பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, இடுப்பு விட்டுப்போயிற்று. ஜன்னல் ஓரத்து அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. 

"செருப்புக்குக் காவல் நின்னாளே, அந்தக் கொரியாக்காரியா?" என்றார். "ஆமாம்மா." "நல்லவ. ரொம்ப பேசுவா. நல்லவ." பிறகு என் குரல் வந்த திசையில் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். "உன் கை இன்னா இப்டி எலும்பா கீது? நாஷ்டா துன்னியா?"

இல்லை என்றேன். தன் பங்கு இட்லியை எடுத்து என் கையில் வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்னி இல்லாத ஆறிப்போன இட்லி. விக்கி விக்கி அழுதுகொண்டே தின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. புதுத் தலைவி அம்மா உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார். க்ளப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எப்போதும் போல நடுவில், இரண்டு பக்கமும் திரும்ப வசதியாக இருக்கும் அந்த ஸ்டூலில். என்ன முடிவு செய்தீர்கள் என்றார். ஸ்டூலோடு அவர் பக்கம் திரும்பினேன். பிறகு அவர்கள் மொழியில், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். வேலை அதிகம், வேண்டாம். உடம்பில் தெம்பில்லை. இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியாது. இனி புதன்கிழமை மட்டும், அதுவும் முடிந்தால், போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவேன்.

 தலைவி அம்மா முகம் சுளிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, குறிப்பெடுக்கத் தயாராக, எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு அன்பாகவே கேட்டார்:

"இதை யார் சொல்கிறார்கள்? அந்த இல்லத்து அம்மாக்களா?"

"இல்லை," என்றேன். "நான்தான் சொல்கிறேன்."