ஐந்தாம் தேவ இரகசியம்

1871 ஒக்டோபர் 2, திங்கள். புசல்லாவை.

இன்றும் எரிச்சல்தான். கோப்பித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஜெபமாலையை நடத்துகிறவன் நான். ஒவ்வொரு தேவ இரகசியத்தையும் தியானித்து நிதானமாகச் சொல்லுங்கள் என்று எத்தனை முறை கெஞ்சுவது? பழம் பறிக்கும் சவரியம்மாள் மட்டும் ஐந்தாவதில், காணாமற்போன பாலன் இயேசு கோயிலில் கிடைத்த இடத்தில், எப்போதும் ஓட்டமாக ஓடுகிறாள். இன்று பொறுமையிழந்து நிறுத்தினேன்.

"என்ன அவசரம்? மாதாவோட மனச நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பாக்குறதாலதாங்கய்யா ஓடுறேன். அவங்களுக்கு மூணாம் நாளு புள்ள கெடைச்சிருச்சு. மன்னார்ல தோணி எறங்கி இங்க நடந்து வர்றப்ப காட்டுல தொலைஞ்ச எம்புள்ள இன்னும் கெடைக்கலைங்க."

மற்றவர்கள் தலைகுனிந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆத்திரமெல்லாம் இப்போது என்மேல்தான். மீதி மணிகளை அவளே சொல்லி முடித்தாள்.